ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையிலிருந்து கழற்றிக்கொண்டே டாக்டர் கேட்டார். ‘‘கடைசியா எப்ப சார் சும்மா இருந்தீங்க?’’

‘‘சும்மான்னா?’’

‘‘சும்மான்னா சும்மாதான். ஒண்ணும் செய்யாம.’’

யோசித்துப் பார்த்தேன். போன தீபாவளி? ம்ஹூம். மலர் வேலை கழுத்தை நெரித்த நேரம். சொந்தத்தில் ஒரு பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனேனே, அன்றைக்கு? பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ப்ரூஃப் திருத்தியது ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், நான் ஏதோ சொத்துப் பத்திரம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். அதற்கு முன்னால்? நினைவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒருத்தனுக்குச் சும்மா இருந்த நாள் ஒன்று கூடவா நினைவில்லாமல் போகும்?

மாத்திரையை எழுதிய டாக்டர், அதற்குக் கீழேயே இன்னொன்றையும் எழுதினார். ‘நாலு நாள் ஓய்வு’. மருந்துக் கடையில் அது கிடைக்காது என்பதால் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டேன். ஜூலை மாதம். சீஸன் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். குற்றாலம்!

ஓய்வெடுக்கத்தான் போனேன். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே உள்ள முரண்பாடு எனக்குத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கும்வரை தெரியவில்லை என்பதுதான் விசேஷம்.

தென்காசியில் இறங்கியதுமே சாரல் முகத்தில் அடித்தது. அதை மழை என்று சொல்ல முடியாது. மழையை யாரோ சல்லடையில் சலித்து அனுப்புகிற மாதிரி இருக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து வந்து செய்கிற வேலை. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களெல்லாம் காய்கிற ஜூன், ஜூலையில் இந்த ஒரு மூலை மட்டும் குளுகுளுவென்று இருப்பதற்கு அந்தக் கணவாய்தான் காரணம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமெல்லாம் கிடையாது. மலையின் காலடியில் உட்கார்ந்துகொண்டே மலைக் காற்றை வாங்குகிற ஊர்.

பேரருவியில் ஒரு வரிசையில் நின்று, நகர்ந்து, நகர்ந்து, கடைசியில் தண்ணீருக்குக் கீழே போய்ச் சேர்ந்தேன். மூன்று நிமிஷம் இருக்கும். தலையில் யாரோ நூறு பேர் ஒரே சமயத்தில் குட்டுவது போல் அடி. காது அடைத்து, கண் அடைத்து, யோசனை அடைத்து… அடடா! அதற்குள் விசில். ‘‘போதும் போதும், நகருங்க.’’ வெளியே வந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை எடுத்தேன். ஏழு மிஸ்டு கால். ஈரப் படிக்கட்டில், துண்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நாலாவது காலில்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை! அது என்னவோ சூரியன், சந்திரன் மாதிரி எப்போதும் இருந்த சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையாது ஸார். இந்தத் தேசத்தில் உழைக்கிறவனுக்கு அது வந்து இன்னும் நூற்றைம்பது வருஷம்கூட ஆகவில்லை. சும்மாவும் வரவில்லை. அதற்காக அடிபட்டவர்களில் சிலர், நான் உட்கார்ந்திருந்த படிக்கட்டிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் இருந்தவர்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

குற்றாலத்தை முதலில் கணக்குப் பார்க்கிற கண்ணோடு பார்த்தது கிழக்கிந்தியக் கம்பெனி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஈரத்தையும் நிழலையும் பார்த்துவிட்டு, ஜாதிக்காயும் கிராம்பும் இங்கே விளையுமா என்று தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் கவலை, மசாலாச் சந்தையில் டச்சுக்காரர்களின் பிடியை எப்படித் தளர்த்துவது என்பது. வியாபாரம் பெரிதாக எழும்பவில்லை. ஆனால் வந்தவர்களுக்கு ஊர் பிடித்துப்போய்விட்டது. திருநெல்வேலி வெயிலில் வெந்துபோன கலெக்டர்களும், நீதிபதிகளும், அவர்களுடைய துரைசானிகளும் சீஸனுக்குக் குற்றாலம் வந்து தங்க ஆரம்பித்தார்கள். பங்களாக்கள் முளைத்தன. ஜில்லாவின் ஆரோக்கியவாசஸ்தலம் என்று அரசாங்கப் புத்தகங்களில் பெயர் வாங்கியது.

வெள்ளைக்காரனிடம் ஒரு விஷயம் பாராட்ட வேண்டும். ஓய்வு என்பது வேலையின் ஒரு பகுதி என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தனக்கு மட்டும்! 1870-லிருந்து சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடும். கவர்னர், செக்ரட்டரி, ஃபைல், டவாலி சகிதம். மாகாணத்து ஜனங்கள் வெயிலில் நின்றுகொண்டு, மலை மேலிருந்து வருகிற உத்தரவுகளை வாங்கிக்கொள்ள வேண்டியது.

சரி, கீழே இருந்தவன் கதை என்ன?

குற்றாலத்திலிருந்து இதே மலைத்தொடரின் ஓரமாகவே தெற்கே போனால் பாபநாசம். அங்கேயும் அருவி. 1880-களில் ஹார்வி என்ற வெள்ளைக்கார கம்பெனி அங்கே நூற்பாலை ஒன்றைத் தொடங்கியது. தாமிரபரணித் தண்ணீர் மேலேயிருந்து விழுகிற வேகத்தைக் கொண்டே எந்திரத்தை ஓட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரே மலை. இந்தப் பக்கத்து அருவி துரைமார்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து அருவி ஆலை ஓட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?

ஆளுக்கும் இல்லை என்பதுதான் அன்றைய நிலைமை. வயலில் வேலை பார்க்கிறவனுக்கு அறுவடை முடிந்தால் மூச்சு விட நேரம் உண்டு. மழை பெய்தால் உண்டு. கொடை, தேர், தைப்பூசம் என்று ஊர் வழக்கத்தில் சில நாட்கள் உண்டு. ஆலைக்கு மழையும் தெரியாது, தேரும் தெரியாது. விடிந்தால் சங்கு ஊதும்.

இந்தச் சங்குக்கு முதலில் எதிர்க்குரல் கொடுத்தவர் பம்பாயில் இருந்தார். நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் புலேயின் சீடர். ஒரு மில்லில் ஸ்டோர்கீப்பராக வேலை பார்த்து, தினமும் கண் முன்னால் நடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் வெளியே வந்தவர். 1884-ல் பம்பாய் மில் தொழிலாளர்களைக் கூட்டி, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று மனு எழுதி, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார். முதலாளிகள் அசையவில்லை. ஆறு வருஷம்! கடைசியில் 1890 ஜூன் 10 அன்று பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த வருஷமே, 1891-ல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி வார விடுமுறையை அரசாங்கம் சட்டமாக்கியது. லோகாண்டேக்கு நம் அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது 2005-ல். நூற்றுப் பதினைந்து வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை அனுபவித்துவிட்டு ஒரு ஸ்டாம்ப். பரவாயில்லை, இதுவாவது.

சட்டம் வந்துவிட்டதல்லவா, பிரச்னை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். அங்கேதான் தூத்துக்குடி வருகிறது. அன்றைக்குத் தென்காசி, குற்றாலம், தூத்துக்குடி எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா.

அதே ஹார்வி கம்பெனிக்குத் தூத்துக்குடியில் கோரல் மில் என்று இன்னோர் ஆலை. 1891-ல் சட்டம் வந்து பதினேழு வருஷம் கழித்து, 1908 பிப்ரவரி 27-ம் தேதி, அந்த ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். வ.உ.சி. என்றதும் நமக்குக் கப்பலும் செக்கும்தான் ஞாபகம் வரும். ஆனால் கப்பலுக்கும் செக்குக்கும் நடுவில் இந்த வேலைநிறுத்தம் இருக்கிறது. தொழிலாளர்கள் கேட்டது என்ன? கூலி உயர்வு. வேலை நேரம் குறைப்பு. அப்புறம், வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை.

சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்த விடுமுறை ஸார் அது! அதைக் கேட்டுத்தான் பட்டினி கிடந்தார்கள். வேலைக்குப் போகாதவன் வீட்டில் அடுப்பு எரியாது. வ.உ.சி. ஊரில் பணம் திரட்டினார். வேறு வேலை வாங்கிக் கொடுத்தார். தூத்துக்குடி ஜனங்கள் தொழிலாளிகளுக்குச் சோறு போட்டார்கள். சுமார் ஒன்பது நாட்கள். மார்ச் முதல் வாரத்தில் கம்பெனி இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

கிடைத்த அடுத்த வாரமே, மார்ச் 12-ம் தேதி, வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் கட்டினார்கள். மற்றவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு வாங்கிக் கொடுத்த மனிதர்!

ஒரு சின்ன விலகல். அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்த ஆஷ் பிற்பாடு ஜில்லா கலெக்டரானார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் அவரைச் சுட்டுக் கொன்ற வாஞ்சிநாதன், குற்றாலத்துக்குப் பக்கத்துச் செங்கோட்டைக்காரர். எத்தனையோ தடவை படித்த கதைதான். ஆனால் ஆஷ் அந்த ரயிலில் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. மனைவியோடு கொடைக்கானலுக்கு. லீவுக்கு. அவருடைய பையிலும் ஒரு ஃபைல் இருந்திருக்குமா என்று இந்தத் தடவை தோன்றியது. எல்லாம் அந்த லேப்டாப் செய்கிற வேலை.

மறுபடி அருவிக்கு வருவோம்.

குளிப்பது என்பது இந்த ஊரில் வெறும் அழுக்குப் போக்குகிற காரியம் இல்லை. உடம்புக்குச் செய்கிற மரியாதை. எண்ணெய் தேய்த்து, ஊறி, அருவியில் நின்று, வெளியே வந்து சூடாக எதையாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது என்று ஒரு முறையே வைத்திருந்தார்கள். (இப்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எதற்கும் அனுமதி கிடையாது. நீதிமன்ற உத்தரவு. நாம் செய்த அநியாயத்துக்கு அது நியாயம்தான்.) ஆனால் அந்த மரியாதையும் எல்லா உடம்புக்கும் கிடைத்துவிடவில்லை. 1934 ஜனவரியில் தீண்டாமை ஒழிப்பு யாத்திரையாகத் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிய காந்தி, குற்றாலத்துக்கும் வந்தார். தாழ்த்தப்பட்டவர்கள் அருவிக்குப் போக முடியாது என்று தெரிந்ததும், குளிக்காமலேயே திரும்பிவிட்டார். குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் போவது எவ்வளவு பெரிய வேலைநிறுத்தம் என்பது அங்கே ஒரு தடவை போனவர்களுக்குத்தான் புரியும்.

இன்றைக்கு யாரும் யாரையும் பேரருவியில் தடுப்பதில்லை. லாரியில் வந்தவரும் காரில் வந்தவரும் ஒரே தண்ணீரில்தான் நிற்கிறார்கள். அதுதான் அந்த இடத்தின் அழகு. ஆனாலும் பாருங்கள், பழத்தோட்ட அருவி என்று ஒன்று உண்டு. அரசாங்கத் தோட்டத்துக்குள் இருப்பது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர், வி.ஐ.பி. அருவி. கம்பெனி போனாலும் பங்களாப் புத்தி போகவில்லை.

இந்த ஊரில் ஓய்வைப் பற்றி எழுதிவிட்டு ஒருத்தரைப் பற்றி எழுதாமல் போனால் தென்காசிக்காரர்கள் என்னை ரயில் ஏற விட மாட்டார்கள். டி.கே.சி.

டி.கே. சிதம்பரநாத முதலியார். 1882-ல் பிறந்தவர். தென்காசிக் குடும்பம். வக்கீலுக்குப் படித்தார். திருநெல்வேலியில் தொழில் நடத்தினார். 1927-லிருந்து மூன்று வருஷம் சென்னை சட்டசபை உறுப்பினர். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தில் கமிஷனர். மேலே மேலே போயிருக்கலாம். மந்திரி, ஜட்ஜ், திவான் பகதூர் என்று எதுவாகவும் ஆகியிருக்கலாம். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கவிதை படித்தார்.

1920-களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நண்பர்கள் கூடுவார்கள். வீட்டின் வட்டமான முற்றப் பகுதி. அதனால் ‘வட்டத்தொட்டி’ என்று பெயர். தலைவர் கிடையாது, தீர்மானம் கிடையாது, நன்றியுரை கிடையாது. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை ராகத்தோடு சொல்லி, மறுபடி சொல்லி, ஒரு வார்த்தையிலேயே ஒரு மணி நேரம் நின்று… அவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல். வந்தவர்கள் யார்? வேலையில்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். பாஸ்கரத் தொண்டைமான் ரெவின்யூ இலாகாவில் ஓடிக்கொண்டிருந்தவர், பிற்பாடு கலெக்டரானவர். மகராஜன் பிற்காலத்தில் ஹைகோர்ட் ஜட்ஜ். அ. சீனிவாச ராகவன் ஆங்கிலப் பேராசிரியர். வாரம் முழுக்க ஃபைலும் கேஸும் வகுப்புமாக அலைந்த மனிதர்கள், சாயங்காலம் ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். யார் கூப்பிட்டாலும் ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய ஒரு சாயங்காலம்.

கடைசிக் காலத்தில் டி.கே.சி. குற்றாலத்துக்கே வந்து தங்கிவிட்டார். ராஜாஜி வருவார். கல்கி வருவார். அருவியில் குளியல், சாப்பாடு, கம்பன், பேச்சு, மறுபடி குளியல். வர முடியாதவர்களுக்குக் கடிதம் எழுதுவார். அதுவும் அவசரமில்லாமல், ஊரில் சாரல் எப்படி இருக்கிறது என்பதிலிருந்து. அந்தக் கடிதங்கள் பிற்பாடு புத்தகங்களாக வந்தன. நாம் அனுப்புகிற ‘ஓகே’, ‘நோட்டட்’, கட்டைவிரல் படம் இவற்றையெல்லாம் தொகுத்து யாராவது புத்தகம் போடுவார்களா என்று யோசித்துப் பார்த்தேன்.

கவலையில்லாத பணக்காரர், பொழுதைப் போக்கினார் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் மகன் தீத்தாரப்பன் இளம் வயதிலேயே கண் முன்னால் போய்ச் சேர்ந்தார். அந்தச் சோகத்துக்குப் பிறகும் வாசல் திறந்துதான் இருந்தது. நண்பர்கள் வந்தார்கள். பாட்டு நடந்தது. அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கல்கியைப் பார்க்க வேண்டும். பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு அவர்மேல்தான் கண். வாராவாரம் தொடர்கதை, தலையங்கம், விமர்சனம், பிரயாணக் கட்டுரை, நடுவில் நிதி வசூல், பொதுக்கூட்டம். ஓயாத எந்திரம். அந்த எந்திரம் ஒருநாள் மாமல்லபுரம் கடற்கரையில் டி.கே.சி.யோடு சும்மா உட்கார்ந்திருந்தது. அப்படி உட்கார்ந்திருந்தபோது மனசில் விழுந்த விதைதான் ‘சிவகாமியின் சபதம்’ என்று அந்த நாவலின் முன்னுரையில் கல்கியே சொல்லியிருக்கிறார். எழுதத் தொடங்கியது 1944-ல். உட்கார்ந்தது அதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால்.

டி.கே.சி. 1954 பிப்ரவரியில் குற்றாலத்தில் காலமானார். வயது எழுபத்தொன்று. அதே வருஷம் டிசம்பரில் கல்கி போனார். ஐம்பத்தைந்து. இப்படியெல்லாம் கணக்குப் போடக் கூடாதுதான். சாவுக்கு ஆயிரம் காரணம். ஆனாலும் ஐம்பத்தைந்திலிருந்து நாற்பத்தாறைக் கழித்துப் பார்த்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்?

இன்னொரு கேள்வியையும் மறைக்க விரும்பவில்லை. வட்டத்தொட்டிக்கு வந்தவர்கள் அந்த வீட்டுச் சாப்பாட்டை அப்படிப் புகழ்ந்திருக்கிறார்கள். காபி வந்துகொண்டே இருக்கும். பத்துப் பேர் சொல்லாமல் வந்தாலும் இலை விழும். சரி, கூடத்தில் கம்பன் ஓடிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், அடுக்களையில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு எது ஞாயிற்றுக்கிழமை? டி.கே.சி.யைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. என் வீட்டிலேயே, நான் நாலு நாள் ஓய்வுக்குக் கிளம்பியபோது பெட்டியில் துணி அடுக்கியது யார்? முறுக்கு டப்பாவை மறக்காமல் வைத்தது யார்? அந்த அம்மாளிடம் எந்த டாக்டரும் கடைசியாக எப்போது சும்மா இருந்தீர்கள் என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் பி.காம். படித்தவன். அக்கவுன்டன்ஸியில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. எந்திரம் ஒன்று வாங்கினால் அது வருஷா வருஷம் தேயும். தேய்வதை மதிப்புப் போட்டு, லாபத்திலிருந்து கழித்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் கணக்கு பொய். ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். மேஜை, நாற்காலி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தேய்மானம் எழுதினோம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அந்தப் பாடத்தில் வரவேயில்லை. எழுதாததால் அவன் தேயாமலா இருக்கிறான்? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35-லிருந்து 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிட, பக்கவாதம் வருகிற அபாயம் 35 சதவிகிதம் அதிகம். இதய நோயில் சாகிற அபாயம் 17 சதவிகிதம் அதிகம். 2016-ம் வருஷத்தில் மட்டும் இப்படிப் போன உயிர்கள் சுமார் ஏழரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது, தேய்மானத்தை யாரோ எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் அக்கவுன்டில்.

வ.உ.சி. வாங்கிக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பாதை நேராகப் போனதாகவும் சொல்ல முடியாது. ‘அங்காடித் தெரு’ படம் 2010-ல் வந்தபோதுதான், ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைகளில் தெற்கத்திப் பிள்ளைகள் நாள் முழுக்க உட்காராமல் நிற்கிறார்கள் என்பது துணி எடுக்கப் போன நமக்கெல்லாம் உறைத்தது. கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். நாற்காலிக்கு ஒரு சட்டம்! இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடுகிற மசோதாவும் அதே சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். கோரல் மில்லில் 1908-ல் முடித்து வைத்த பஞ்சாயத்து, நூற்றுப் பதினைந்து வருஷம் கழித்து மறுபடி கூடியது. வித்தியாசம் என்னவென்றால், இப்போது பல பேருக்குச் சங்கு ஊத மில் தேவையில்லை. சட்டைப் பையிலேயே ஊதுகிறது. எனக்கு எந்த ஹார்வி துரையும் அந்த லேப்டாப்பைக் கட்டிக் கொடுக்கவில்லை. நானே எடுத்து வைத்தேன். சார்ஜரோடு.

சாயங்காலம் தென்காசிக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் கூட்டம். எனக்கு அடுத்த ஸீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், மடியில் ஒரு துணிப்பை. மகள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறாளாம். அவளுக்குச் சோறு கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். வீட்டில் பீடி சுற்றுகிறார். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தெருவுக்குத் தெரு திண்ணையில் பீடித்தட்டைப் பார்க்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி.

‘‘குளிச்சீங்களாக்கா?’’ என்று கேட்டேன்.

‘‘எங்கய்யா குளிக்க? சின்னவனுக்கு மொட்டை எடுத்தப்ப குளிச்சது. அவனுக்கு இப்ப இருபத்திரண்டு.’’

‘‘இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமைதானே? பீடிக்கடை லீவு இல்லையா?’’

‘‘கடைக்கு லீவுதான். நாளைக்கு ஆயிரம் சுத்தணும்லா. எலையை இன்னிக்கே நனைச்சு வெட்டி வச்சாத்தானே ஆகும்?’’ என்றவர், என் தலையைப் பார்த்தார். ‘‘ஈரம் காயலையே. துவட்டுங்க, சளி பிடிச்சிரும்.’’

போன் அடித்தது. அவர் ஜன்னலை எனக்காகக் கொஞ்சம் இறக்கிவிட்டார். வெளியே சாரல் நிற்கவில்லை. போனை எடுக்காமல், துவட்டிக்கொண்டேன். மேலகரம் ஸ்டாப்பில் அவர் இறங்கினார். அடிப்பதும் நின்றது. அப்புறம் மறுபடி அடித்தது.